மழையில் நகர்ந்த குருணை

யார் வீட்டுக்குப் போனாலும் ஆரோக்கியமேரி செருப்பைக் கழற்றியதும் அப்படியே உள்ளே போய்விட மாட்டாள். குனிந்து எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். குதிகாலிலிருந்து நுனி வரை கட்டைவிரலால் ஒரு முறை தடவுவாள். பிறகுதான் கீழே வைப்பாள். மாதா கோவில் வாசலிலும் அப்படித்தான், கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். பெரியபாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது பின்னால் கூட்டம் நெருக்கியும்கூட ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். "இன்னா மேரி, சாணிய மிச்சிட்டியா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிரிப்புதான் பதில். பேச்சு அவளிடம் குறைவு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கிரானைட் கம்பெனியில் 2001-இல் வேலைக்குச் சேர்ந்தாள். மெருகேற்றிய கல் பலகைகளை மரச் சட்டத்தில் அடுக்கிக் கட்டி, கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. கட்டி முடித்த சட்டங்கள் லாரி வரும்வரை பின்பக்க யார்டில் திறந்தவெளியில் நிற்கும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதுதான் அவள் வேலை. அப்பா அம்மா நெல் அறுத்த வயல் ஒன்றின் மேல்தான் அந்த யார்டு இருந்தது என்று சொல்வார்கள். அவளுக்கு வயலாக அது நினைவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கூட்டம் போட்டுப் பேசும்போது பின்வரிசையில் தூணோடு தூணாக நிற்பாள். எல்லாவற்றையும் பார்ப்பாள்.

சேர்ந்த இரண்டாம் வருஷம் சூப்பர்வைசர் சடையப்பன் யார்டுச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். வாங்குகிற நாட்டில் நத்தைக்குத் தடை, ஒரு நத்தை இருந்தாலும் கன்டெய்னர் திரும்பி வந்துவிடும் என்று இருந்தது. கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நத்தைப் படம். "இம்மாம் பெருசு கண்ணுக்குத் தெரியாம பூடுமா சார்?" என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. அவள் பிரஷ்ஷில் தினமும் வருவது அரிசி அளவுக்கும் கீழே. அதுவும் நத்தைதான் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் ஈரமான காலையில் அவை கொம்பு நீட்டி நடப்பதை அவள் பார்த்திருந்தாள். செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு அவை வீடு வரை வந்ததையும் பார்த்திருந்தாள்.

போன வாரம் தேய்த்துத் தள்ளியதேதான் இந்த வாரமும் வருகிறதா, வேறா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். யாரையும் கேட்க வாய் வரவில்லை. போட்டோ ஸ்டுடியோவில் தூக்கிப் போடும் பிலிம் டப்பாக்கள் ஐந்தை வாங்கிவந்து, பொறுக்கியதைப் பிரித்துப் போட ஆரம்பித்தாள்.

முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. நுனியை மேலே நிறுத்திப் பிடித்தால் எல்லாவற்றுக்கும் வாய் வலப்பக்கம்தான் வந்தது. அப்புறம் மெல்ல மெல்லப் பிரிந்தன. ஒன்று தையல் ஊசியின் முனையை ஒடித்ததுபோல நீளம், ஏழெட்டுச் சுற்று, வெயிலில் பிடித்தால் உள்ளே வெளிச்சம் தெரியும். அதற்கு ஊசி என்று பேர் வைத்தாள். ஒன்று தட்டையாக, எண்ணெய் பூசியதுபோலப் பளபளப்பு. கவிழ்த்தால் அடியில் நடுமையத்தில் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு குழி. அது பொத்தான். ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டதும் வட்டமான மூடியால் வாசலைச் சாத்திக்கொள்ளும், அது மூடிக்காரி. இன்னொன்று அடியும் நுனியும் ஒரே பருமனாக உருளை. அதற்கு நெல்லு. கடைசி டப்பாவில் வேறு எதிலும் சேராத பொடிசுகள். அவை கடுகு.

நெல்லும் ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் யாரும் தாய் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நினைத்து, ஒருநாள் இரண்டையும் ஒரே டப்பாவில் ஈரத் துணியோடு போட்டு வைத்தாள். மறுநாள் காலை திறந்தபோது ஒரு நெல்லின் தலை ஓர் ஊசியின் வாய்க்குள் கழுத்துவரை நுழைந்திருந்தது. பக்கத்தில் ஐந்து ஊசிகள் வெற்றுக் கூடாகக் கிடந்தன. கையிலிருந்து டப்பா நழுவிவிட்டது. நத்தை இலை தின்னும் என்று கேட்டிருக்கிறாள். நத்தையை நத்தை தின்னும் என்று யார் நினைப்பார்கள்? செத்த நெல்லு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் வாயைத் திருப்பிப் பார்த்தாள். வாசலின் ஓரத்தில் உள்பக்கமாக வெள்ளையாகப் பற்கள் முளைத்திருந்தன. கூட்டில் பல்! ஊசியின் வாயில் அப்படி ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எதைப் பொறுக்கினாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். வாய் ஓரம் காகிதம்போல மெலிந்திருந்தால் இன்னும் வளர்கிற குட்டி. தடித்து வெளியே மடிந்திருந்தால் வளர்ச்சி முடிந்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் தானியேலுக்குக்கூட அந்த டப்பாக்களில் ஏதோ மாத்திரை என்றுதான் நினைப்பு.

நான்கு வருஷம் ஒரு கன்டெய்னரும் திரும்பவில்லை. 2006 கோடையில் யார்டைப் பெரிதாக்கினார்கள். பின் மதில்வரை சட்டங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. மதில் ஓரம் புல்லும் ஈரமுமாக இருந்த இடம். நத்தை ஏறாமல் தடுக்க என்ன செய்யலாம் என்று சடையப்பன் கூட்டம் போட்டார். சுண்ணாம்புத் தூள் கொட்டலாம் என்றான் ஏற்றுக்கூலி மேஸ்திரி வரதன். தூள் பறந்து பாலிஷில் படிந்தால் கறை போகாது என்று சடையப்பன் மறுத்தார்.

அப்போதுதான் தூணோரத்திலிருந்து குரல் வந்தது.

"சார், கிளிஞ்சல ஒட்ச்சி குருணையா கொட்னா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வரதனின் மனைவி செண்பகம், மேரியோடு பிரஷ் பிடிப்பவள், வாயைப் பிளந்தாள். "அட, மேரிக்காவுக்குப் பேச வர்து!"

"சொல்லு மேரி," என்றார் சடையப்பன்.

"எங்கம்மா கோழிக்கூட்டச் சுத்தி கிளிஞ்ச சுண்ணாம்புதான் கொட்டும். ஒண்ணும் அண்டாது. சுண்ணாம்பும் கிளிஞ்சல்தானே சார். சுடாம அப்டியே கொட்னா பறக்காது. மொனை குத்தும், நத்த ஏறாது."

பழவேற்காடு பக்கத்துக்காரர்கள் யாரும் மறுக்காத பேச்சு அது. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. இரண்டும் ஒரே சரக்கு. அடுத்த வாரமே பழவேற்காட்டு வியாபாரி அஸ்கர் அலி இரண்டு லாரிக் குருணை கொண்டுவந்து இறக்கினார். காட்டோரத்தில் பல வருஷமாகக் குவிந்து கிடந்த கிளிஞ்சல் மேட்டிலிருந்து அள்ளியது.

"பாய், இதுல பூச்சி கீச்சி இருக்காதே?" என்று சடையப்பன் கேட்டார்.

"செத்துப் போன கடல் சிப்பி சார் இது. இதுல இன்னா உசுரு இருக்கப் போவுது?" என்று அஸ்கர் அலி ஒரு கை அள்ளிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆரோக்கியமேரியும் பார்த்தாள். சிப்பித் துண்டுகளுக்கு நடுவே உருண்டு நீண்ட சில வெள்ளைக் கூடுகள் தெரிந்தன. கடல் சங்குக் குஞ்சு என்று நினைத்தாள். நான்கு வருஷம் வாயைத் திருப்பிப் பார்த்தவள், அன்று ஒன்றைக்கூட எடுத்துத் திருப்பவில்லை.

மதில் ஓரம் நெடுகக் குருணை கொட்டினார்கள். அந்தக் கோடை முழுக்க அங்கே ஒரு நத்தை ஏறவில்லை. சடையப்பன் பார்ப்பவரிடமெல்லாம் "மேரி ஐடியா" என்றார். அந்தப் பேர் காதில் விழும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. கார்த்திகை முடிவதற்குள் ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தது.

சடையப்பன் சட்டத்தில் நத்தை ஒட்டியிருக்கிற கலர் பிரிண்ட் ஒன்றையும், அங்கே பிடித்த கூடுகள் போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியையும் மேஜைமேல் வைத்தார். "ஒரு சட்டத்துல முப்பத்தேழு நத்த. நம்ம பேரு கெட்டுப் போச்சு. இனிமே நம்ம சரக்க எட்த்துக்குவானான்னே தெரியல." அந்தச் சட்டங்களை ஏற்றியவன் வரதன். "சட்டத்த மண்ணுல வெச்சியா?"

"இல்ல சார். சிமென்ட்டு தரையில எடம் இல்ல, மழை வேற. மண்ணுல வெக்கல. குருணை மேலதான் வெச்சேன்."

"பொய் சொல்லாத. இது மண்ணுல இருக்கற நீட்டு நத்த. குருணையில ஏது நத்த?"

"சத்தியமா சார். நத்த அண்டாத எடம்னு மேரி சொல்லிச்சேன்னு, நம்பி, அதும்மேலதான் வெச்சேன்."

"நாளையிலேர்ந்து வர வேணாம்," என்றார் சடையப்பன். பன்னிரண்டு வருஷ வேலை. வரதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். செண்பகம் முதலில் சடையப்பனைப் பார்த்தாள், பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

ஆரோக்கியமேரி குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஊசி இல்லை. ஊசியின் மேல் தோல் மழமழப்பு. இதில் நெடுக வரி வரியாக மேடு ஓடியது. ஊசி வெளிச்சத்தை உள்ளே விடும். இது சாக்குக்கட்டிபோல அடைத்த வெள்ளை. ஊசி ஒல்லி, இது நடுவில் பருத்து நுனியில் திடீரென்று குறுகியது. வாயில் பல் இல்லை, அதனால் நெல்லும் இல்லை. வாய் ஓரம் தடித்திருந்தது, அதனால் எதனுடைய குட்டியும் இல்லை. அவளுடைய ஐந்து டப்பாவில் எதிலும் இல்லாத ஆறாவது. இந்த யார்டு மண்ணில் ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூட அவள் பிரஷ்ஷில் வராதது.

எங்கே பார்த்தோம் என்று யோசிக்கும்போதே அஸ்கர் அலியின் விரிந்த உள்ளங்கை கண்ணுக்கு வந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் மழையிலேயே பின் மதிலுக்கு ஓடினாள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதலில் குருணை குருணையாகத்தான் தெரிந்தது. நனைந்த வெள்ளைத் துண்டுகள், அவ்வளவுதான். மூச்சு வந்தது. எழுந்துகொள்ளலாம் என்று கையை ஊன்றினாள். ஊன்றிய கைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நகர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக அந்தப் பட்டை முழுவதும் மெல்ல அசைவதுபோல ஆகிவிட்டது. சிப்பித் துண்டுகள் அப்படியே கிடக்க, அவற்றுக்கு இடையே வெள்ளைக் கூடுகள் கொம்பு நீட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பக்கத்துச் சட்டத்தின் மரக்காலில் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. கோடை முழுக்கச் செத்த சிப்பிபோல வாயை அடைத்துக்கொண்டு தூங்கியவை. அவற்றோடு யார்டுப் பொத்தான்களும் வந்திருந்தன. அவை குருணையை நக்கிக்கொண்டிருந்தன. கூடு வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டுமே! நத்தையை விரட்ட அவள் கொட்டச் சொன்னது நத்தைக்கு விருந்து.

சுட்ட சுண்ணாம்புதான் எரிக்கும். சுடாத கிளிஞ்சல் வெறும் தீனி. அம்மா கோழிக்கூட்டைச் சுற்றிக் கொட்டியது சுட்டது. இத்தனை எளிய வித்தியாசம் வாயில் வரும்போது ஏன் தோன்றவில்லை? சாக்கு நழுவிக் கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது தானியேலிடம் சொன்னாள். அவன் வேலை பார்த்த ரோலிங் மில் மூன்று மாதமாக மூடிக் கிடந்தது. வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்.

"யாருக்குனா தெரியுமா?" என்றான்.

"எனக்கு மட்டுந்தான்."

"அப்ப வாய மூடிக்கினு இரு. ஐடியா குட்த்தவ நீ. உன்னயும் தொரத்திட்டா ஊட்ல இன்னாத்த துன்றது?"

"வரதன் இன்னா பண்ணுவான்?"

"அவன் ஆம்பள. எங்கனா மூட்ட தூக்குவான். நீ பேஜாரு பண்ணாத மேரி."

பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறாள். மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அந்த மூன்று நாளும் செண்பகம் பக்கத்திலேயே பிரஷ் தேய்த்தாள். "மேரிக்கா, மண்ணுல வெச்சிருப்பானா அவன்? உனக்குத் தெரியாதா அவன?" என்று முதல் நாள் கேட்டாள். "எனக்கின்னா தெரியும்," என்று தன் வாயிலிருந்தே வந்த பதிலைக் கேட்டு ஆரோக்கியமேரி அதிர்ந்துபோனாள். இரண்டாம் நாள் செண்பகம், வரதன் ஆர்.கே.பேட்டையில் செங்கல் சூளைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருப்பதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் சென்னையிலிருந்து செடி, பூச்சி சோதனை அலுவலகத்து அதிகாரி வந்தார். ஷஹனாஸ் என்று பேர், முப்பது வயது இருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. குப்பியைத் திறந்து ஒரு கூட்டை விரல் நுனியில் வைத்துத் திருப்பினார். "இது உங்க யார்டுல எங்க கிடைக்குது?" என்றார்.

"எல்லா எடத்துலயும் மேடம். மண்ணு நத்ததானே. லோடு மேன் கவனக்குறைவு. அவன வேலையிலேர்ந்து நிறுத்திட்டோம்," என்றார் சடையப்பன்.

அதிகாரி எழுதப் பேனாவை எடுத்தார். வரதன் பேர் தாளில் ஏறப்போகிறது. கதவோரம் நின்ற ஆரோக்கியமேரி தன் கால்கள் மேஜையை நோக்கி நடப்பதைப் பார்த்தாள். வீட்டிலிருந்து மடியில் கட்டி வந்த ஐந்து பிலிம் டப்பாக்களையும் எடுத்து வரிசையாக வைத்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அன்று காலை மதில் ஓரத்தில் பொறுக்கிய வெள்ளைக் கூடுகளைக் கொட்டினாள். மேஜைமேல் கொட்டியதில் இரண்டு நகர்ந்தன. சடையப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"மண்ணு நத்த இந்த அஞ்சுதான் மேடம். அது இதுல இல்ல. அது குருணையில வந்தது. கொட்டச் சொன்னது நானு."

ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டு, தான் வைத்த பேரைச் சொன்னாள். ஷஹனாஸ் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "இந்தப் பல்லு இருக்கறத ஊசியிலேர்ந்து யார் பிரிச்சாங்க?"

"நான்தான் மேடம்."

"ஊசின்னு நீங்க சொல்றதுக்குப் புஸ்தகத்துல அலோபியஸ்னு பேரு. பல்லு வெச்சது ஹட்டோனெல்லா. பொத்தான் மேக்ரோக்ளாமிஸ்." வெள்ளைக் கூட்டைத் தனியே தள்ளினார். "இது சூட்டெக்கஸ். காஞ்ச சுண்ணாம்புத் தரையில இருக்கும். நீங்க சொல்றது சரி." கடைசி டப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா இந்தக் கடுகு தனி இனம் இல்லம்மா. இது பொத்தானோட குட்டி. ஓரம் பாருங்க, காகிதமா இருக்குது."

வாய் ஓரத்தை வைத்துக் குட்டியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள், நான்கு வருஷமாக ஒரு டப்பா நிறைய அதைத் தப்பாகவே வைத்திருக்கிறாள். அவமானத்தில் முகம் சுட்டது. அந்த நேரத்தில் அதுதான் பெரிதாகப் பட்டது என்பது பிற்பாடு யோசித்தால் அவளுக்கே ஆச்சரியம்.

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றார் சடையப்பன்.

"குப்பிய பாத்த அன்னிக்கே தெரியும் சார்."

ஜன்னலுக்கு வெளியே பிரஷ்ஷோடு நின்ற செண்பகம் இதைக் கேட்டாள். உள்ளே வரவில்லை. "அன்னிக்கேவா?" என்று மட்டும் கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. ஆரோக்கியமேரி திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் யாரும் இல்லை.

நத்தை குருணையோடு வெளியிலிருந்து வந்தது என்று அறிக்கை போயிற்று. ஒரு வாரம் கழித்து வரதனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். குருணையை வாரிக் குழி தோண்டிச் சுட்ட சுண்ணாம்போடு புதைத்துவிட்டு, மதில்வரை சிமென்ட் போட்டார்கள். அதன் பிறகு ஆரோக்கியமேரிக்கு யார்டில் வேலை இல்லை என்றார் சடையப்பன். வெளியே அனுப்பவில்லை; கேன்டீனுக்கு மாற்றினார். தானியேல் அதற்கே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினான். அவன் மில்லை அடுத்த தைக்குப் பிறகு திறந்தார்கள்.

இப்போது 2009. வரதன் அதே கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கிறான். வழியில் பார்த்தால் "இன்னா மேரி" என்று கேட்கிறான். யார்டில் நத்தை பார்க்கிற வேலை மருந்தடிக்கிற ஒரு ஏஜென்சிக்குப் போய்விட்டது. ஆரோக்கியமேரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். செண்பகம் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறாள். சாப்பிட்டதும் தட்டை அவள் கையில் கொடுக்காமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள். மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை.